கட்டிலுக்கு அடியில் போன குழாய்

பாட்டிலில் இருந்த தண்ணீர் நூல் விட்டது. கம்ப்ரஸர் டேங்கின் அடியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கழற்றித் தரையில் சாய்த்தபோது, வழக்கமாகத் துரு கலந்து பழுப்பாக ஒழுகுகிற தண்ணீர், கெட்டுப்போன பால் மாதிரி இழுத்துக்கொண்டே இறங்கி, பாட்டிலின் வாய்க்கும் தரைக்கும் நடுவே அறுந்துபோகாமல் ஆடிக்கொண்டு நின்றது. விரலை விட்டு அறுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் மனுஷப் புத்தி அருவருப்பான எதையும் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோகும். இரும்பும் எண்ணெயும் நாற வேண்டிய இடத்தில், காலையில் பல் விளக்காத வாயின் வாடை அடித்தது.

"சீ!" என்று விரலைப் பேண்ட்டில் தேய்த்துக்கொண்டான். தேய்த்த இடமும் பிசுபிசுத்தது.

அலமாரிக் கதவுக்கும் நாற்காலிக்கும் பெயின்ட் அடித்துக் கொடுப்பது அவன் தொழில். படுக்கையறைச் சுவரை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகைதான் பட்டறை. காற்றை அழுத்தி டேங்கில் அடைத்தால், அதில் இருக்கிற ஈரமெல்லாம் தண்ணீராகி அடியில் தங்கும். அதைத் தினமும் திறந்துவிட வேண்டும். அவன் தினமும் மறப்பான். மறந்த அன்று ஸ்ப்ரே கன் அந்தத் துருத் தண்ணீரைப் புது வெள்ளைக் கதவின்மேல் காறித் துப்பும். தலையில் அடித்துக்கொண்டே எத்தனை கதவைத்தான் மறுபடி தேய்ப்பது? கடைசியில் ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு வாங்கினான். போனில் வீடியோ பார்த்து, ஒன்றைப் புகைய விட்டு, அடுத்ததை உருப்படியாக மாட்டினான். காற்று குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் நிற்கும். அவ்வப்போது அடி வால்வு தானாகத் திறந்து தண்ணீரைத் துப்பும். காற்று அடியோடு இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம், வால்வை முழுக்கத் திறந்து வைத்து டேங்கைக் காயவிட வேண்டும். இதையும் அவனேதான் எழுதி ஏற்றினான். கரண்ட் போனாலும் போர்டு மட்டும் விழித்திருக்க ஒரு பேட்டரி. அன்றைக்கு அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

அதோடு நின்றிருக்கலாம். பட்டறைக் காற்றில் மரத்தூள், பெயின்ட் புகை. கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சுகிற வாயில் இருந்த ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொண்டது. அந்த வீட்டிலேயே சுத்தமான காற்று ஒரே இடத்தில்தான் இருந்தது. மனைவிக்கு இளைப்பு நோய். அவளுக்காகத் தூசி தும்பு அண்டாமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்த படுக்கையறை. சுவரைத் துளைத்தான். உறிஞ்சும் குழாயை அவள் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் விட்டான்.

"ஏங்க, கட்டிலுக்கு அடியில என்ன பாம்பா வளக்குறீங்க?" என்றாள் அவள், குனிந்து பார்த்து.

"காத்து எடுக்கத்தான். சத்தமே வராது, நீ பாட்டுக்குத் தூங்கு."

"எனக்கே மூச்சு பத்தல. அதுலயும் பங்கு கேக்குதா உங்க மிஷினு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவளுக்கு இளைப்பு வரவே இல்லை. இன்ஹேலர் தலையணைக்கு அடியில் சும்மா கிடந்தது. பக்கத்தில் படுத்தால் அந்தப் பழகிய விசில் சத்தம் கேட்காது. அவனுக்குச் சந்தோஷம்தான். எந்தச் சத்தமுமே கேட்கவில்லை என்பது அவன் மண்டையில் ஏறவில்லை.

நூல் விட்ட தண்ணீர் நாளாக நாளாகக் கெட்டிப்பட்டது. மஞ்சளாக, பிறகு பச்சையாக, கோழை கோழையாக, நடுவே சிவப்பு இழை ஓடிய கட்டிகள் பாட்டிலின் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன. கம்ப்ரஸர் எண்ணெய் கெட்டிருக்கும் என்று எண்ணெயை மாற்றினான். மழை பிடித்துக்கொண்ட இந்த மத்தியானம் ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிக்க கன்னை அழுத்தியபோது, அது இருமியது. இருமி, வெள்ளைப் பலகையின் நடுவில் ஒரு கட்டியை அப்பியது. அது வழுக்கி இறங்கி, விளிம்பில் தொங்கி, நீண்டு, அவன் செருப்புக்கும் கால்விரலுக்கும் இடையில் விழுந்தது. சூடாக. மூலைக்கு ஓடி வாந்தி எடுத்தான். தன் வாந்தியே அதைவிடச் சுத்தமாகத் தெரிந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். டேங்கின் அழுத்தத்தைப் போர்டு ஒரு கோடாகப் போனில் வரையும். மோட்டார் ஓடவில்லை, கன்னை யாரும் தொடவில்லை. கோடு நேராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறியது. டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்தான். இரும்பு வெதுவெதுத்தது. உள்ளே ஈரமாக ஏதோ உரசியது.

பிளக்கைப் பிடுங்கினான்.

கோடு இறங்கத் தொடங்கியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழே. அடிக்கு வந்ததும் வால்வு 'டக்'கென்று திறந்தது. புஸ் என்று நீளமாக ஒரு பெருமூச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினார்கள்.

ஓடினான். அவள் கட்டிலில் உட்கார்ந்து சுவரைக் கையால் அறைந்துகொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் அவனையே பார்த்தது. திரும்ப ஓடிப் பிளக்கைச் செருகினான். மோட்டார் உறுமியது, கோடு ஏறியது, வால்வு மூடியது. அவன் திரும்பி வந்தபோது அவள் மூச்சை இழுத்தாள்.

"எதுக்குங்க நிறுத்துனீங்க?" என்றாள். கோபம்கூட இல்லை. "நிறுத்துனா நான் எப்படி மூச்சு விடுறது?"

அவன் குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்த குழாயைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா? எப்போ இருந்து?"

"சுகமா இருந்துச்சு. இழுக்கவே வேணாம், அதுவே இழுத்துக்கும்."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். மனைவிக்கு மூச்சு நின்றுபோகிறது என்று மட்டும் சொன்னான். மற்றதை எந்த வாயால் சொல்வது? ரோடெல்லாம் தண்ணீர், வந்துகொண்டே இருக்கிறோம் என்றார்கள். போனை வைத்தான். கரண்ட் போனது.

பட்டறைக்கு ஓடும்போதே 'டக்' கேட்டது. பேட்டரியில் போர்டின் விளக்கு பச்சையாக எரிந்தது, சொன்ன வேலையைச் செய்த திருப்தியோடு. வால்வு திறந்து கிடந்தது. பாட்டிலைப் பிடுங்கி எறிந்து, ஒழுகிய குழாயின் வாயைக் கட்டை விரலால் அடைத்தான். சீறல் நின்றது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. அடைத்து என்ன செய்ய? உள்ளே காற்று வேண்டும். விரலை எடுத்துவிட்டு மறுபடி அவளிடம் ஓடி, அவள் வாயில் வாய் வைத்து ஊதினான். காலி டின்னில் ஊதியதுபோல் அவன் மூச்சு அவனிடமே திரும்பி வந்தது. துருவின் ருசியோடு. நெஞ்சு எழும்பவில்லை. அவள் விரல் நீண்டு சுவரில் இருந்த துளையைக் காட்டியது.

புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

பட்டறைக்குத் திரும்ப ஓடி, டேங்கின் அடியில் தரையில் மண்டியிட்டான். வால்வின் வழவழத்த குழாயைச் சட்டையில் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடினான். வாயில் வைத்தான். ஊதினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்தாள்.

பிறகு விட்டாள். அது குழாய் வழியாக அவன் வாய்க்கு வந்தது. சூடாக. உப்பாக. கட்டியாக. துப்ப நேரமில்லை. விழுங்கினான். ஊதினான்.

இழுத்தாள். விட்டாள். விழுங்கினான். ஊதினான்.

தெருவில் சைரன் கேட்டது. வாசலில் வந்து நின்றது. மழைச் சாரலுக்காக உள்தாழ்ப்பாள் போட்டிருந்த கதவை யாரோ தட்டினார்கள். "சார்! உள்ள யாரு? கதவத் திறங்க!"

கத்த வாய் வேண்டும். திறக்கக் கால் வேண்டும். இரண்டில் எதற்குப் போனாலும் அவளுடைய ஒரு மூச்சு போகும், நீலம் பாரித்த அந்த உதடு இன்னொரு மூச்சை இழக்கத் தாங்காது என்பதை அவன் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஒரு காலை நீட்டி டேங்கை உதைத்தான். தகரக் கூரையில் மழை. அவனுக்கே கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் தட்டினார்கள். "அட்ரஸ் தப்பா இருக்கும்ப்பா, இருட்டாக் கிடக்கு" என்றது ஒரு குரல். வண்டிக் கதவை அறைந்து சாத்தினார்கள். சைரன் தெருமுனை திரும்பியது.

குழாய்க்குள் இந்த முறை வந்தது பெரிதாக இருந்தது. நாக்கின்மேல் ஏறி, தானாகவே தொண்டையைத் தேடி நகர்ந்தது. அவன் வாயை எடுக்கவில்லை.

விழுங்கினான். ஊதினான்.