முதன்மை ஆய்வாளர்

சட்னியைத் தாளித்துக் கொட்டிவிட்டு மங்கையர்க்கரசி திரும்பியபோது, சங்கவி தட்டிலிருந்த தோசையைத் தொடாமலே எழுந்துவிட்டாள்.

"காலேஜ்ல ஏதாவது பாத்துக்குறேம்மா," என்றாள் தாயிடம். அண்ணி பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

மாமியார் பங்கஜம் இதற்காகவே காத்திருந்தவள் போல ஆரம்பித்தாள்.

"எப்படி எறங்கும்? கண்ணு பூத்துப்போக உக்காந்து எழுதுனவ ஒருத்தி. மேல பேரு போட்டுக்கறவ இன்னொருத்தி. ஏம்மா மங்கை, உனக்குத்தான் பர்மனென்ட் வேலை இருக்கே. என் பொண்ணு வயித்துல எதுக்கு அடிக்கிற?"

மங்கை அடுப்பைத் துடைத்தாள். அவள் பேசாமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். கணவன் முத்துகிருஷ்ணனுக்குக் கப்பலில் வேலை. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலேறிப் போனால் வீட்டில் நடப்பது எதுவும் அவன் காதுக்கு வராது. மங்கைக்குப் பரிந்து பேச வேறு ஆளும் இல்லை.

சங்கவி அவனுடைய தங்கை. கடல் தாண்டி மெயின்லேண்டில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே கல்யாணமாகி, அது சரிப்படாமல் தீவுக்குத் திரும்பியவள். மங்கை பாடம் நடத்தும் அதே கல்லூரியில் இப்போது காண்ட்ராக்ட் விரிவுரையாளர். புரோத்ராபூர் காய்கறித் தோட்டக் கிணறுகள் கோடையில் ஏன் வற்றுகின்றன என்று ஆராய, அரசு நிதி கேட்டு ஒரு ஆய்வுத் திட்டம் எழுதியிருந்தாள். அது கிடைத்தால் காண்ட்ராக்ட்டை நீட்டிப்பதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். கிடைக்காவிட்டால் மறுபடி கப்பல்தான்... யாருமில்லாத ஊர்தான்.

காண்ட்ராக்ட்டில் இருப்பவர் முதன்மை ஆய்வாளராக முடியாது என்பது விதி. அதனால் துறைத் தலைவர் பக்தவத்சலம் சார் அந்த இடத்தில் பெயர் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நேற்று சாயந்திரம் மங்கை வந்து, "சார் இல்ல. நான்தான் முதன்மை ஆய்வாளர்," என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை.

சங்கவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீங்க கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் அண்ணி. கேக்காம எடுத்துக்கிட்டீங்களே... அதான் தாங்கல."

பஸ்ஸில் மங்கைக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. சங்கவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். மங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள். அழுகை வந்தது.

பக்தவத்சலம் சார் சொன்னதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"காண்ட்ராக்ட் ஆளுங்கள நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது மேடம். மெயின்லேண்ட்ல வேலை கிடைச்சா ஓடிடுவாங்க. அதுலயும் உங்க நாத்தனார்... கல்யாணத்தையே பாதியில விட்டுட்டு வந்த பொண்ணு. ப்ராஜெக்ட்டை முடிக்குமா?"

அந்தக் கல்யாணத்தில் சங்கவி பட்ட பாடு மங்கைக்குத் தெரியும். திரும்பி வந்த புதிதில் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் மங்கைதான். அந்த வார்த்தை சங்கவி காதில் விழக் கூடாது என்றுதான் சாரிடம், "நானே நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் ஒருவர் ஒரு திட்டத்துக்குத்தான் முதன்மை ஆய்வாளராக இருக்கலாம். மங்கையும் ஒரு திட்டம் வைத்திருந்தாள். கடல் புகுந்த பிறகு உப்பாகிப்போன கச்சால் தீவுக் கிணறுகளைப் பற்றியது. இலங்கையிலிருந்து வந்து அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் அவளுடையது. சுனாமியில் தாயை இழந்தவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அந்தத் திட்டத்தை அவள் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் துறை அறையில் தனியாக உட்கார்ந்து, சங்கவியின் திட்டத்தைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மழை மாதங்களில் போட்டிருந்த களப்பணியைக் கோடைக்கு மாற்றினாள். அப்போது கதவு திறந்தது. சங்கவியின் முகம் வெளுத்திருந்தது.

"சாரைப் பாத்தேன் அண்ணி."

"எதுக்குப் போன?"

"உங்களப் பத்திப் புகார் சொல்ல. நீங்களே இருங்க சார்னு கேக்க..." கதவைச் சாத்தினாள். "சொன்னாரு. எல்லாத்தையும். நீங்க உங்க கச்சால் திட்டத்த வாபஸ் வாங்குனதையும். பாதியில விட்டுட்டு வந்தவன்னு சொன்னதையும் சேத்து."

மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். எதை மறைக்க இவ்வளவும் செய்தாளோ, அது போய்ச் சேர்ந்துவிட்டது.

"அவரு சொன்னது வலிக்கல அண்ணி. நான் காலைல சொன்னதுதான் வலிக்குது. என்னுத எடுத்துடறேன். உங்க கச்சால் போகட்டும்."

"இன்னிக்குக் கடைசி நாள். அதுல பிரின்ஸிபல் கையெழுத்தே இல்ல."

"அப்போ ரெண்டையும் சேத்து எழுதிடலாம்."

"ஏலாது." கலங்கிப் போனால் மங்கைக்குக் கச்சால் பேச்சு வந்துவிடும். "அது வேற, இது வேற. நன்றிக்காக ஒட்டுப் போட்டா ரெண்டும் கெட்டுப் போகும். நீ எழுதுனது நல்லா இருக்கு. அதுவே போகட்டும்."

சங்கவி தடாலென்று தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தெய்வம் அண்ணி..."

மங்கை காலை உதறி எழுந்தாள். அவள் இப்படிக் கோபப்பட்டு சங்கவி பார்த்ததே இல்லை.

"அப்படிச் சொல்லாத. நான் சந்தோஷமா விட்டுக் குடுக்கல. உம்மேல ஆத்திரமா வந்துச்சு. காலையில எல்லாத்தையும் போட்டு ஒடைச்சிடலாம்னு இருந்துச்சு. தெய்வம்னு சொல்லிட்டா எனக்கு வலிக்கலேன்னு ஆயிடும். எனக்கு வலிச்சுது சங்கவி."

சங்கவி எழுந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இருவரும் சின்னக் குழந்தைகள் போல அழுதார்கள்.

பிறகு மங்கை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திட்டத்தை அனுப்பினாள். நெட் சுற்றிச் சுற்றி நின்று, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. சங்கவி வீட்டுக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"போனை மங்கைகிட்ட குடு," என்றாள் பங்கஜம். வாங்கிக் காதில் வைத்தால் அழுகைதான் கேட்டது. "அத்தை, நான் வந்து பேசுறேன்," என்று மங்கை வைத்துவிட்டாள்.

சங்கவி நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏன் அண்ணி கச்சால் கிணறு? மத்த தீவுலயும் எத்தனையோ கிணறு உப்பாப் போச்சே..."

மங்கை கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அந்த வீட்டிலிருந்து இதைக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

"சுனாமி வந்த அன்னிக்குக் காலையில எங்கம்மா என்னையதான் தண்ணிக்குப் போகச் சொன்னாங்க. நான் தூக்கமா வருதுன்னு பொரண்டு படுத்துக்கிட்டேன். அவங்களே குடத்த எடுத்துக்கிட்டு கடலோரம் இருந்த கெணத்துக்குப் போனாங்க."