ரத்தம் எடுத்த மீன்

ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரம் நின்றதும் அவள் மெல்லிய கண்ணாடிக் குழலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளியே மீன் தொட்டிகளில் காற்றுக் குழாய்கள் இடைவிடாமல் கொப்பளித்தன. பாசியும் தீவனமும் கலந்த புளித்த வாடை ஆய்வறைக்குள் வந்து திரைச்சீலை, மேலங்கி, அவள் தலைமுடி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. குழலில் நூற்றுக்கு முப்பது பங்காவது சிவப்பு நிற்க வேண்டும். பதின்மூன்றுதான் நின்றது.

"புழு ஏறிடுச்சு சார். மீனோட ரத்தத்தையே குடிச்சிட்டிருக்கு."

மேலாளர் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "முப்பதுன்னு போடுங்கம்மா. வெந்தா எந்தப் புழு உயிரோட இருக்கப்போகுது?"

போட்டாள். எட்டு மாதமாக அந்தப் பொய்யைத்தான் எழுதுகிறாள். வயிறு காய்ந்தவளுக்கு மனசாட்சி ஒரு கேடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. ஊசி குத்தி ரத்தம் எடுத்த மீனை விற்பதில்லை. எடுத்தவரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஓசியில் கிடைப்பதை விடுவானேன்? மகள் முள்ளைக்கூட விடாமல் சப்புவாள்.

நாலு மணிக்குப் பள்ளி விட்டு மகள் வந்தாள். ஆய்வறை வாசலில் மூன்றே படி. அதற்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு, காது மடல், நகக்கண் எல்லாம் வெளுத்திருந்தன.

"என்னடி பண்ணுது?"

"உள்ள என்னமோ ஊருதும்மா."

"எங்க?"

"எல்லா எடத்துலயும்."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பொட்டுச் சிவப்பில்லை. புது ஊசியைப் பிரித்து மகள் விரலில் குத்தினாள். ரத்தத்தைக் குழலில் ஏற்றி இயந்திரத்தில் வைத்தாள். அது சுழன்று முடியும்வரை தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். நான் செய்த பாவம் என் தலையோடு போகட்டும், பிள்ளையை விட்டுவிடு.

நின்றது.

பதினொன்று.

குழலை நுண்ணோக்கியில் வைத்தாள். சிவப்புக்கு மேலே நூல்கள். வெள்ளை நூல்கள். நெளிந்தன. வெந்தும் சாகவில்லை. ஒன்றுகூட.

"பசிக்குதும்மா," என்றபடி மகள் மேசையைச் சுற்றி அவளருகே வந்தாள்.

நூல்கள் நெளிவதை நிறுத்தின. பிறகு, அத்தனையும் ஒருசேர, மகள் நின்ற பக்கம் தலை திருப்பின.