எட்டு விநாடி மௌனம்

"திருட்டுக் காப்பியை வச்சுக்கிட்டு எவனோ ஒருத்தன் எனக்கே போன் பண்றான் லாத்தா! 'வலம்புரி வேலை செய்ய மாட்டேங்குது, கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க'ன்னு கேக்குறான். வெக்கமே இல்லாம, அதுவும் அதட்டிக் கேக்குறான்!"

கீழக்கரை ரிஃபாய் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மேசையிலிருந்த தேநீரை இரண்டு முறை தட்டிவிடப் பார்த்தார். இரண்டு முறையும் குவளையைக் காப்பாற்றியவர் மருதுபாண்டி. முப்பது வருடம் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ராமநாதபுரத்தில் ஜுவைரியா நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் அவருக்கு வலது கை. இடது கையும் அவர்தான், வேறு ஆள் இல்லை.

ரிஃபாய் 'லாத்தா', அதாவது அக்கா, என்று அழைத்த ஜுவைரியா அவசரப்படுகிற பெண் அல்ல. "முதல்லேருந்து சொல்லுங்க தம்பி" என்றாள்.

ரிஃபாய் சார்ஜாவில் பதினோரு வருடம் செல்போன் கடையில் நின்றவர். இரவு அறைக்குத் திரும்பியபின் கணினி மொழி கற்று, ஊருக்கு வந்து நான்கு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை எழுதினார். பெயர் வலம்புரி. வாங்குகிறவருக்கு ஒரு சாவி தருவார். பார்ப்பதற்குப் பென்டிரைவ் போலிருக்கும். அதைச் செருகினால்தான் வலம்புரி திறக்கும். பத்து நாள் முன்பு யாரோ ஒருவர் ஒரு சாவியின் பூட்டை உடைத்து டெலிகிராமில் போட்டுவிட்டார். இரண்டாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள்.

"எந்தச் சாவின்னு எனக்குத் தெரியும். பதினேழாம் நம்பர். பாம்பன் இமானுவேலோடது. என் கூட்டாளி! முதல் சாவி வாங்கினவங்கள்ல ஒருத்தன். இன்னைக்கு அஞ்சு மணிக்கு அந்தச் சாவியை மூடப்போறேன். போலீசுக்கும் போறேன். புகாரோட வைக்க நீங்க ஒரு அறிக்கை எழுதித் தரணும்."

"மூடினா என்ன ஆகும்?"

"ரெண்டாயிரம் திருட்டுக் காப்பியும் செத்துப்போகும்." ரிஃபாய் கொஞ்சம் தயங்கினார். "இமானுவேல் பதிஞ்சு வச்ச பாட்டும் உள்ள மாட்டிக்கும். நாளைக்கு அவங்க சர்ச்சுக் கோயில்ல திருவிழாக் கொடியேத்தம். அதுல போடப் பன்னெண்டு பாட்டு. புதுச் சாவி கொடுத்தா எல்லாத்தையும் மாத்திடலாம். ஆனா திருடனுக்கு நான் எதுக்குக் கொடுக்கணும்?"

நாற்பது பேர் கொண்ட பாடகர் குழு ஆறு மாதம் பாடிய பாட்டு. மருதுபாண்டி தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். மனிதர் பழைய போலீஸ்தான், ஆனாலும் பாட்டு என்றால் உருகிவிடுவார்.

டெலிகிராமில் வந்த கோப்பு மூட்டையை ரிஃபாய் தன் மடிக்கணினியில் விரித்துக் காட்டினார். உள்ளே "சோதனை" என்ற பெயரில் ஒரு ஒலிப்பதிவு. எட்டு விநாடி. பூட்டை உடைத்தபின் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பதிந்தது. தேதி போன மாதம் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. பேச்சு ஒன்றும் இல்லை. கூர்ந்து கேட்டால் தூரத்தில் ஏதோ கரகரவென்று அரைபட்டது.

"மிளகாய் மில்லு மேடம்" என்றார் மருதுபாண்டி உடனே.

"குப்பைச் சத்தம்" என்றார் ரிஃபாய். "அது முக்கியமில்ல. தேதிதான் முக்கியம். அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோவுல இமானுவேல் மட்டும்தான் இருந்தான். அவனே ஒத்துக்கிட்டான்."

திரையில் பின்னால் பாதி வரைந்த படம் ஒன்றும் திறந்திருந்தது. மருதுபாண்டி திரையின் மூலையைப் பார்த்தார். "சார், உங்க கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருக்கே? நாலு வருசத்துக்கு முந்தின மார்ச் மாசம் காட்டுது."

"பழைய மெஷின். உள்ள பேட்டரி போயிருச்சு" என்று ரிஃபாய் மூடியைச் சாத்தினார். ஜுவைரியா அந்த மூடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கார் சாவியை எடுத்தாள்.

இமானுவேலின் ஸ்டுடியோ பாம்பனில் ஐஸ் பிளாண்டை ஒட்டி இருந்தது. வாடகை அங்கேதான் கட்டுப்படியாகும் என்பதால் அந்த இடம். கதவில் ஒரு அட்டை: "திங்கள், புதன், சனி ஒலிப்பதிவு கிடையாது." ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று மருதுபாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று வியாழன்.

இமானுவேலுக்கு ஐம்பது வயதிருக்கும். ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, கூண்டில் மாட்டியவர் போல உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை காலைல இங்கனதான் இருந்தேன். மாடியிலதான் குடியிருக்கேன். பொய் சொல்லச் சொல்றீங்களா? அதுக்காக நான் திருடனா? பாட்டெல்லாம் உள்ள கெடக்கு. எடுக்க முடியலன்னா கோயில்ல நாற்பது பேரு மூஞ்சில எப்படி முழிப்பேன்? இவன் எனக்குத் தப்பிக்க ஒரு வழியும் விட்டுவைக்கலம்மா. ஒத்துக்கிட்டா திருடன். ஒத்துக்கலைன்னா பொய்யன்."

ரிஃபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இமானுவேலோடு அங்கே வேலை செய்கிற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கீபோர்டு வாசிக்கும் ஃபஹத், கீழக்கரைக்காரர். தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேடு தட்டும் ரெக்ஸ், இருபத்தெட்டு வயது, ஐஸ் பிளாண்டில் மிஷின் ஓட்டும் வேதமுத்துவின் மகன். செவ்வாய்க்கிழமை ஃபஹத் கீழக்கரையில் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்தார். ரெக்ஸ் பேடு பழுது பார்க்கப் பரமக்குடி போய் இரவுதான் வந்தான். இரண்டுக்கும் சாட்சி இருந்தது.

"மறுநாள் புதன்கிழமை?" என்று ஜுவைரியா கேட்டாள்.

ரிஃபாய் பொறுமையிழந்தார். "புதன் எதுக்கு லாத்தா? தேதி செவ்வாய்!"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

புதன் காலையில் இமானுவேல் மண்டபத்தில் ஒரு பள்ளியில் பாட்டு வகுப்பு எடுக்கப் போய்விட்டார். திங்கள், புதன், சனி மூன்று நாளும் அப்படித்தான். வலம்புரி சாவி மேசை இழுப்பறையில் இருக்கும், ஸ்டுடியோ சாவி ஐஸ் பிளாண்டில் வேதமுத்துவிடம் தொங்கும். ஃபஹத் அன்று காலை கல்யாண வீட்டு வட்டலப்ப இனிப்பைத் தூக்கிக்கொண்டு பாம்பன் வந்து எல்லோருக்கும் கொடுத்தார். ரெக்ஸும் வாங்கிச் சாப்பிட்டான்.

ஜுவைரியா எழுந்து பக்கத்து ஐஸ் பிளாண்டுக்குப் போனாள். மருதுபாண்டி பின்னாலேயே ஓடினார். வேதமுத்து நிழலில் வலை நாற்காலியில் படுத்திருந்தார். பனிக்கட்டி நொறுக்கும் மிஷின் அசையாமல் நின்றது.

"வேலை இல்லையா அய்யா?"

"இன்னைக்கு ஏது? விசைப்படகு கடலுக்குப் போற நாள்லதான் ஐஸ் ஒடைப்போம். திங்க, புதன், சனி. காலைல ஆறு மணிக்குப் போட்டா, படகு கெளம்புற வரைக்கும் ஓடும். மத்த நாளு நாட்டுப்படகு மொற. அவனுகளுக்கு இவ்வளவு ஐஸ் வேணாம். எம் மகன் தொட்டில்ல கெடந்த காலத்துலேருந்து இந்தச் சத்தந்தான். வீடு இந்தா, பின்னாலதான்."

திரும்பி வரும்போது மருதுபாண்டிக்கு ஏதோ பிடிபட்டது போலவும் நழுவியது போலவும் இருந்தது. "மேடம், அந்த மிளகாய் மில்லு..." என்று ஆரம்பித்தார். ஜுவைரியா புன்னகைத்தாள், அவ்வளவுதான். இந்த அம்மா முன்கூட்டியே எதையும் சொல்லமாட்டாள் என்பதில் அவருக்கு நிரந்தரமான வருத்தம் உண்டு.

ஸ்டுடியோவில் எல்லோரையும் உட்கார வைத்தாள். எட்டு விநாடிப் பதிவைப் பெரிய ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள். "கேட்டதை ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பதிவு ஓடி முடிந்தது.

"பாழாப்போன ஐஸ் மிஷின்!" என்றார் ஃபஹத். "இது ஓடுனா நான் கீபோர்டைத் தொடவே மாட்டேன்."

இமானுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல்முறையாக இன்றுதான் அந்தப் பதிவை அவரைக் கேட்கவிட்டிருக்கிறார்கள். "ஆமா, ஐஸ் மிஷின்தான். இதுக்குப் பயந்துதானே மூணு நாள் பதிவே வைக்கிறதில்ல. ஆனா... செவ்வாய்க்கிழமை எப்படி ஓடும்?"

"ரெக்ஸ்?"

ரெக்ஸ் உதட்டைப் பிதுக்கினான். "ஒண்ணும் கேக்கலையே மேடம். சும்மா அமைதியாத்தான இருக்கு."

மருதுபாண்டி சட்டென்று ரெக்ஸின் பக்கம் திரும்பினார்.

ஜுவைரியா நிதானமாகச் சொன்னாள். "இந்தப் பதிவு செவ்வாய்க்கிழமை எடுத்தது இல்ல. ஐஸ் மிஷின் ஓடுது. அப்ப திங்கள், புதன், சனி, ஏதோ ஒரு நாள். கம்ப்யூட்டர்ல தேதியை ஒரு நாள் பின்னால தள்ளி வச்சிருக்காங்க, செவ்வாய்க்கு அடுத்த நாள் புதன்தானே. செஞ்சது இமானுவேலா இருந்தா, தான் மட்டும் தனியா இருந்த நாளாப் பாத்தா தேதியை மாத்துவாரு? மாத்தினது ஸ்டுடியோ பூட்டிக் கெடந்த நாள்ல உள்ள வந்த ஆளு. வலம்புரி எப்ப திறந்தாலும் அதுல பதிவாகும். மூடியிருக்க வேண்டிய புதன்கிழமை திறந்ததாப் பதிவானா மாட்டிக்குவோம், முந்தின நாள்னா பத்தோட பதினொண்ணு ஆயிரும்னு நெனச்சிருக்காரு. புதன் காலை பாம்பன்ல இருந்தது ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் சாவி தொங்குற இடம் தெரியும். ஃபஹத் செஞ்சிருந்தா இந்தப் பதிவைக் கேட்டதுமே அழிச்சிருப்பாரு. அந்த மிஷின் அவருக்கு எதிரி. அழிக்காம விட்டவருக்கு இது வெறும் அமைதி. பொறந்ததுலேருந்து கேட்ட சத்தம் காதுல ஏறாது."

ரெக்ஸ் பேட்டின் மேல் வைத்திருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தங்கச்சி ஜெர்லின் பாடுவா மேடம்" என்றான். "வீட்டுல வச்சுப் பதியணும்னு ஆசை. சாவியக் குடுங்கன்னு இமானுவேல் அண்ணன்கிட்ட எத்தன தடவ கேட்டேன், வெளிய போகக்கூடாதுன்னுட்டாரு. டெலிகிராம்ல பழக்கமான ஒருத்தன் ஒரு புரோகிராம் அனுப்புனான். சாவியச் செருகி ஓட்டுனேன். பயத்துல வாயே தெறக்காம எட்டு செகண்டு பதிஞ்சு பாத்தேன். வேலை செஞ்சுச்சு. அவன் கேட்டான்னு மொத்தத்தையும் அனுப்புனேன். ஒருத்தனுக்குத்தான் மேடம் அனுப்புனேன்! அண்ணன் மேல விழும்னு நெனக்கல. சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. பத்து நாளா கெடந்து சாகுறேன்."

"ஏலே ரெக்ஸு..." என்றார் இமானுவேல்.

ரிஃபாய் துள்ளி எழுந்தார். "ஒருத்தனுக்குத்தானா! நாலு வருசம்டா! நான் புள்ளைய ஆசையாத் தூக்கினது கெடையாது, அந்த அறைக்குள்ளயே கெடந்தேன். பதினேழை மூடுனா நாளைக்குப் பதினெட்டை உடைப்பானுங்க. நான் எங்கடா போவேன்? லாத்தா, போலீசுக்குப் போன் போடுங்க. இவனை உள்ள தள்ளணும்!"

"போடலாம்" என்றாள் ஜுவைரியா. "அதுக்கு முன்னால ஒண்ணு. தேதியைப் பின்னால தள்ளுற வித்தை எனக்கு எப்படித் தோணுச்சுன்னு நீங்க கேக்கலையே? காலையில உங்க மடிக்கணினியைப் பாத்துத்தான் தம்பி."

ரிஃபாய் தோளில் தொங்கிய மடிக்கணினிப் பையைக் கையால் அணைத்துக்கொண்டார்.

"பேட்டரி போயிருந்தா ஒவ்வொரு தடவையும் ஒரு பழைய தேதியில போய் நிக்கும், சரி. ஆனா உங்க திரையில பாதி வரைஞ்ச படம் ஒண்ணு இருந்துச்சு. வலம்புரிக்குப் புதுப் பொத்தான் போல. அந்தப் படம் வரையிற மென்பொருள் ஓசியில முப்பது நாள்தான் ஓடும். நீங்க முப்பது நாளை நாலு வருசமா நீட்டிக்கிட்டிருக்கீங்க."

மருதுபாண்டி தன் சட்டைப் பையிலிருந்த செல்போனை மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதில் நானூறு பாட்டு இருந்தது. எங்கிருந்து வந்தன என்று யாரும் அவரைக் கேட்காதவரை நல்லது.

ரிஃபாய் தோளிலிருந்த பையை மேசைமேல் இறக்கினார். பிறகு பையிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்து இமானுவேலின் முன்னால் வைத்தார். கண்ணைப் பார்க்கவில்லை. "பாட்டை மாத்திக்கடா மாப்ள. மன்னிச்சிரு."

பன்னிரண்டு பாட்டும் மாறி முடிய நாலரை மணி ஆனது. இமானுவேல் முதல் பாட்டைப் போட்டுப் பார்த்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து மணிக்குப் பதினேழாம் சாவி மூடப்பட்டது. எங்கெங்கோ இரண்டாயிரம் திரைகள் ஒரே நேரத்தில் நின்றிருக்கும்.

அதன்பின் ரிஃபாய் தன் மடிக்கணினியைத் திறந்து தேதியைச் சரிசெய்தார். உடனே ஒரு பெட்டி முளைத்தது: அனுமதிக் காலம் முடிந்துவிட்டது. பொத்தான் படம் பாதியிலேயே உறைந்து நின்றது. அவர் அதை மூடவில்லை. ஹெட்போனை எடுத்து ரெக்ஸிடம் நீட்டினார்.

"போட்டுக் கேளுலே. ஒழுங்காக் கேளு."

ரெக்ஸ் எட்டு விநாடியையும் கேட்டான். "கேக்கல காக்கா" என்று, கீழக்கரையில் அண்ணனை அழைப்பது போல அழைத்துத் தலையசைத்தான். மறுபடி போட்டார் ரிஃபாய். மூன்றாவது முறை ரெக்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"கேக்குது காக்கா" என்றான். "எங்க அய்யா மிஷின்."