உள்ளே இருப்பவர் 2

ஞாயிறு பகல் பன்னிரண்டே கால். சர்வர் அறையின் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்ட மறுகணம், திரையில் அந்தப் பிழைச் செய்தி வந்தது.

'நுழைந்தவர் 1. உள்ளே இருப்பவர் 2.'

ஆள் எண்ணும் புரோகிராம் இப்படி அவ்வப்போது காலை வாரும். ஆனால் இன்று ஒரு மணிக்குத் தீயணைப்பு வாயு சோதனை. அறையில் ஆள் பூஜ்யம் என்று புரோகிராம் சொன்னால் மட்டுமே வாயு திறக்கும். திறந்துவிட்டால் மூச்சு விடக் காற்று இருக்காது. அதற்குள் சரிசெய்துவிட்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். மகளின் சைக்கிள் செயின் காத்திருக்கிறது.

இன்டர்காமை எடுத்தான். போனை வெளியே மீசைக்கார வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வர வேண்டும்.

"அண்ணே, எனக்கு முன்னாடி யாராவது உள்ள வந்தாங்களா?"

"ஞாயித்துக்கிழமை உங்களை விட்டா எவன் சார் வருவான்? உங்க பொண்ணு ரெண்டு தடவை கூப்பிட்டுருச்சு. அப்பா அங்கயே குடித்தனம் பண்றாரான்னு கேக்குது."

சிரித்துக்கொண்டே புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினான். 2. சர்வரையே அணைத்து எழுப்பினான். அது எழ அரைமணி நேரம் பிடித்தது. பாஸ்வேர்டை அடிக்கும்போதுதான் கவனித்தான்: விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கு நடுவே, இரும்பு அலமாரிகளின் கடைசி வரிசையிலிருந்து வேறு யாரோ கீபோர்டைத் தட்டும் சத்தம், அவனுடைய அதே வேகத்தில், ஒரே ஒரு எழுத்து பின்தங்கி.

விரலை எடுத்தான்.

அங்கே இன்னொரு தட்டு. பிறகு நின்றது.

உள்ளே வந்தவர்களின் பட்டியலைத் திறந்தான். இரண்டு வரிகள். இரண்டிலும் கதவைத் திறக்கும் அவனுடைய அட்டையின் எண், ஒரே நொடி. ஒரே அட்டை இருமுறை பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். எதையும் அழிக்கும் முன் எல்லா அலமாரி வரிசைகளையும் நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. சோம்பலில் யாரும் பார்ப்பதில்லை. இன்று அவனுக்குத் துணிவில்லை.

கீழ் வரியை அழித்தான்.

'உள்ளே இருப்பவர் 1. பிழை இல்லை.'

பின்னால் காலடி. இடது கால் சற்றே தேய்த்து நடக்கும், அவனுடைய நடை. திரும்புவதற்குள் கதவு திறந்து மூடியது.

'உள்ளே இருப்பவர் 0.'

ஓடினான். கதவில் அட்டையை வைத்தான். சிவப்பு. மறுபடி. சிவப்பு.

இன்டர்காமை எடுத்தான். "அண்ணே, கதவைத் திறங்க."

"யாரு?"

"நான்தாண்ணே."

"சார் இப்பதான் போனை வாங்கிட்டுக் கிளம்பினாரு." மீசைக்காரரின் குரல் இறங்கியது. "உள்ள யாருமே இல்லையே. கேமராவுல ரிசீவர் மட்டும் அந்தரத்துல நிக்குது."

இணைப்பு அறுந்தது.

மணி ஒன்று.

திரை மூலையில், வாசல் கேமராவின் சிறு சதுரம். நீலச் சட்டை. அவனுடைய பை. காதில் போன். மகளிடம் மட்டும் அவன் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தபடி, அது வெயிலில் இறங்கி நடந்தது.

கூரைக் குழாய்கள் சீறத் தொடங்கின.