மை செலவில்லாத அழைப்பு

அந்த வீட்டுப் பிரிண்டர் வேலை செய்வதில்லை என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. அன்று சாயங்காலம் அது வேலை செய்ததுதான் கோளாறு.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்து முன்னறையில் மேசை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, யாரோ கட்டப்போகிற வீட்டுக்குப் படிக்கட்டை எந்த மூலையில் வைப்பது என்று அவன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். வீட்டு வரைபடம் போடுவதுதான் அவனுக்குத் தொழில். காதில் ஹெட்போன்; கைப்பேசியைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கவிழ்த்து வைத்திருந்தான்; வேலையில் உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்கக் கூடாது. மருந்துக்கடையில் மாலை நேர வேலைக்குக் கிளம்பிய மனைவி அந்த ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பாப்பாவுக்கு லேசா இழுக்குதுங்க. மாடியில படுக்க வெச்சிருக்கேன். ஒரு கண்ணு வெச்சுக்கோங்க. காதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

வாசல் கதவு சாத்திய பிறகு நெடுநேரம் கழித்து, கழுத்து வலிக்கிறதே என்று நிமிர்ந்தபோதுதான் அதைக் கவனித்தான். மூலையில், உயரமான ஸ்டூலின் மேல், துணி போட்டு மூடிய பிரிண்டர். அந்தத் துணிக்குள்ளிருந்து ஒரு நீல வெளிச்சம் கசிந்தது. வெளிச்சம் மினுக்கினால் இணைப்பைத் தேடுகிறது என்று பொருள். மினுக்காமல் நின்றால் கிடைத்துவிட்டது என்று பொருள். அது மினுக்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவன் அக்கா இறந்துபோன நாளிலிருந்து அந்த இயந்திரம் வைஃபையில் சேராமல் அவனைப் பாடாய்ப் படுத்துகிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டான், ரவுட்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான், கணினியிலிருந்து பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடியும் சேர்த்தான், கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருப்போர் பாட்டைப் பொறுமையாகக் கேட்டான். ஒவ்வொரு முறையும் திரையில் 'ஆஃப்லைன்' என்றே வந்தது. "இதுக்கு நம்ம வீட்டு மேலயே ஏதோ கோபம்" என்று மனைவி சிரிப்பாள். அவனும் சிரிப்பான். வரைபடங்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு மழையில் நனைந்து கடைக்கு ஓடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இவனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முகப்பில் இருக்கும் வயர்லெஸ் பட்டனை அமுக்க வேண்டும். அதை மட்டும் அவன் செய்யவே இல்லை.

அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தனக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ளாமல், கடைசியில் மாடியறையும் மூச்சிரைப்புமாகத் தங்கிவிட்டவள். கூப்பிட்டால் குரல் படிக்கட்டைத் தாண்டாது. போன் செய்தால் இவன் எடுக்க மாட்டான். யோசித்து யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மாடியிலிருந்தபடி கைப்பேசியில் ஒரு வெற்றுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்புவாள். கீழே இவன் பக்கத்தில் பிரிண்டர் கரகரவென்று கிளம்பி, ஒன்றுமே எழுதாத வெள்ளைத் தாளை வெளியே நீட்டும். மேசை அதிரும். இவன் எழுந்து மேலே போவான். "என் காலிங் பெல்லுக்கு மை செலவு கூட இல்லடா தம்பி" என்று பெருமையாகச் சொல்வாள். வந்த தாளை அவன் மறுபடியும் தட்டிலேயே செருகி வைப்பான். ஒரே தாள் நாளெல்லாம் போய்வந்து ஓரம் சுருண்டு கிடக்கும்.

அவள் போன அன்றைக்கு ஒரு பெரிய கட்டட வரைபடம். வீடியோ அழைப்பில், திரையில் நாலு முகங்கள், நாலும் இவனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தன. தாள் வந்தது. மேலே ஓடினான். ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். கீழே வந்து உட்கார்ந்தான், மறுபடியும் தாள். ஓடினான். "சாப்பிட்டியாடா?" என்றாள். அதைக் கேட்கவா கூப்பிட்டாய் என்று கடுகடுத்துவிட்டு இறங்கி வந்தான். திரையில் ஒருவர் சிரித்தார். அது தன்னைப் பார்த்துத்தான் என்று இவனுக்குப் பட்டது. அந்த ஆத்திரத்தில் வயர்லெஸ் பட்டனை அமுக்கினான். நீல விளக்கு அணையும் வரை அமுக்கிப் பிடித்தான். கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று நினைத்தான். அந்த அறையில் அப்படியொரு அமைதி வந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதுதான் இன்றுவரை அவனைத் தின்கிறது.

பிறகு மறந்துவிட்டான். ஆமாம், மறந்தேவிட்டான்.

மனைவிதான் வேலை முடிந்து வந்து மேலே போனாள். அக்கா கட்டில் ஓரத்தில் கதவைப் பார்த்து உட்கார்ந்தபடியே சாய்ந்திருந்தாள், கையில் கைப்பேசியோடு. "பாவம், உங்களைக் கூப்பிடக்கூட நேரமில்லாம போயிட்டாங்க" என்று மனைவி விம்மினாள்.

"ஆமா" என்றான் அவன்.

அந்த ஒரு 'ஆமா'வுக்கு மேல் அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அக்காவின் கைப்பேசியைத் திரையைப் பார்க்காமலே அணைத்து, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் தள்ளினான். அதற்குள் போக வழியில்லாமல் எத்தனை வெள்ளைப் பக்கங்கள் வரிசையில் நிற்கின்றனவோ! பட்டனை ஒருமுறை அமுக்கினால் எல்லாம் வந்து கொட்டிவிடுமே!

இப்போது பட்டனை யார் அமுக்கியது?

எழுந்துபோய்த் துணியை விலக்கினான். துணியில் தூசி வாசனை. பிரிண்டரின் மேல் கை வைத்தபோது அது லேசாகச் சுட்டது, ஜுரம் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரி. மனைவி துடைக்கும்போது கை பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சரி, அணைத்துவிட்டுப் போவோம் என்று விரலை நீட்டினான்.

விரல் படுவதற்குள் அது கிளம்பியது.

உள்ளே எங்கோ பற்சக்கரம் ஒன்று தயங்கித் தயங்கிப் பிடித்துக்கொள்ளும் சத்தம், அப்புறம் உருளைகள் தாளைத் தேடித் தடவும் சத்தம், அதற்கப்புறம் நீண்ட மூச்சை உள்ளே இழுப்பது போல ஒரு இழுப்பு. அவனுக்குப் பழகிய சத்தம்தான். இத்தனை நாள் கேட்காததால், அது இயந்திரத்தின் சத்தமா, அக்காவின் நெஞ்சுச் சத்தமா என்று ஒரு கணம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தாள் மெதுவாக வெளியே வந்தது. ஓரம் சுருண்ட பழைய தாள்.

வெள்ளை.

"அக்கா" என்று வாய் தானாகச் சொன்னது.

பட்டனை அமுக்கினான். நீலம் அணையவில்லை. அமுக்கிப் பிடித்தான். நகம் வெளுத்தது, நீலம் அப்படியே நின்றது. கூடத்துக்கு ஓடி ரவுட்டரின் சுவிட்சைத் தட்டினான். அதன் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வைஃபையே இல்லை. இனி எதுவும் எதோடும் சேர முடியாது. கூடத்தில் நின்று காதைக் கூர்மையாக்கினான். மழை. குழாய்ச் சொட்டு. சுவர்க் கடிகாரம். பிறகு முன்னறையிலிருந்து, தயங்கித் தயங்கி, பற்சக்கரம்.

இன்னொரு தாள் வந்தது. அதுவும் வெள்ளை.

தட்டிலிருந்த தாள்களையெல்லாம் கொத்தாகப் பிடுங்கித் தரையில் எறிந்தான். வெறும் தட்டின் மேல் உருளைகள் சுற்றின. எதுவும் இல்லாத இடத்தைத் தடவின. இழுத்தன. மறுபடியும் இழுத்தன. மூச்சு கிடைக்காதவள் இழுப்பது போல.

"நான்தான்க்கா அமுக்கினேன்! தெரியாம பண்ணிட்டேன். விட்டுரு. என்னை விட்டுரு."

தெரியாமலா பண்ணினான்? அவனுக்கே அந்த வார்த்தை கசந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுடைய நெஞ்சு அறுத்தது. மேலே போக வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. அவள் கேட்பது அதுதானே, வேறென்ன? காலை எடுத்து வைத்து அறை வாசல் வரை போனான். அங்கிருந்து படிக்கட்டு தெரிந்தது. மேல்படிகளில் விளக்கு இல்லை. கால் நகர மறுத்தது.

திரும்பி வந்தான். மண்டியிட்டு, ஸ்டூலுக்குப் பின்னால் கையை விட்டு, வயரைப் பிடித்து இழுத்தான். பிளக் சுவரிலிருந்து கழன்று வந்தது.

உருளைகள் பாதியில் நின்றன. நீலம் அணைந்தது.

சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறையில் அப்படியொரு அமைதி. நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. பரவும்போதே அவனுக்கு அது யாரென்று அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு வந்த அதே நிம்மதி.

மேசை மேல் கவிழ்ந்து கிடந்த கைப்பேசியின் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. எடுத்துத் திருப்பினான். மனைவி. அதற்கு முன்பே பலமுறை கூப்பிட்டிருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?" அவன் எடுத்ததும் அவள் கத்தினாள். "பாப்பா எனக்குப் போன் பண்ணா. மூச்சு வாங்குதாம். அப்பாவைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், வரவே மாட்டேங்கறாங்கன்னு அழறா. எத்தனை பேப்பர்தான் அனுப்பறதுன்னு கேக்கறா!"

அவன் தரையில் கிடந்த வெள்ளைத் தாள்களைப் பார்த்தான். "பாப்பா எதுல…"

"அக்கா போன்லதாங்க. அலமாரியில சும்மாதானே கெடந்தது, சார்ஜ் போட்டு அவளுக்கு விளையாடக் குடுத்தேன். மத்தியானம் அவளே கீழ வந்து பிரிண்டர்ல ஏதோ பட்டனை அமுக்கியிருக்கா, உடனே கனெக்ட் ஆயிடுச்சாம். இத்தனை நாளா உங்களுக்கு ஆகலையே! அத்தை சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்றா. எப்பவோ சொன்னது போல. ஐயோ, பேசிட்டே நிக்காதீங்க, முதல்ல மேல ஓடுங்க!"

கைப்பேசி எங்கே விழுந்தது என்று தெரியாது. கையிலிருந்த பிளக்கை எப்போது விட்டான் என்று தெரியாது. ஓடினான்.

படி. படி. இருட்டு. கைப்பிடிச் சுவரில் ஈரக் கை வழுக்கியது. பாப்பா. பாப்பா. மறுபடியுமா? இரண்டாவது தடவையுமா? கடவுளே, என் பிள்ளையை அல்ல. என்னை எடுத்துக்கோ, என் பிள்ளையை விட்டுரு.

மாடியறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இழுப்புச் சத்தம் இல்லை.

சத்தமே இல்லை.

கதவைத் தள்ளினான்.

ஜன்னல் வழியே தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் கட்டில் மேல் விழுந்திருந்தது. பாப்பா கட்டில் நடுவில் சம்மணமிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தோள்கள் சீராக ஏறி இறங்கின. மூச்சு விடுகிறாள். நன்றாகவே விடுகிறாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, "பாப்பா… கண்ணு… அப்பா வந்துட்டேன்டா" என்றான்.

அவள் திரும்பவில்லை.

"இப்ப சரியாயிடுச்சுப்பா" என்றாள் தூக்கம் கலந்த குரலில். "நீங்கதான் வரலையே."

அப்போதுதான் அவள் முதுகைப் பார்த்தான்.

வெள்ளைக் கவுன் துணி அசைந்தது. காற்றில் அல்ல, ஜன்னல் சாத்தியிருந்தது. இடுப்பருகே துணி குழிந்தது. ஒரு உள்ளங்கை அளவுக்கு. அந்தக் குழி மெதுவாகக் கழுத்து வரை ஏறியது. மறுபடியும் கீழே வந்து குழிந்தது. மறுபடியும் ஏறியது. ஐந்து விரல்களின் இடைவெளியில் துணி தனித்தனியாகச் சுருங்கி விரிந்தது. இழுப்பு வந்தால் முதுகை இப்படித்தான் நீவ வேண்டும், அவசரப்படாமல், கீழிருந்து மேலே. அக்காவுக்கு அவன் செய்தது அது. அன்று செய்யாமல் விட்டது அது.

பாப்பாவுக்குப் பின்னால், கட்டில் ஓரத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.

அவன் வாய் திறந்தது. மூச்சை உள்ளே இழுத்தான். கொஞ்சம்தான் வந்தது. மறுபடியும் இழுத்தான். அதைவிடக் கொஞ்சம்.

"அத்தை" என்றாள் பாப்பா, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல. "அப்பா வந்துட்டாங்க."

துணியின் மேல் விரல்கள் நின்றன.

மெத்தையில் இருந்த பள்ளம் மெல்ல மேலெழுந்தது.