ஜன்னல் வரைக்கும் ஏழு காலடி

வில்லியனூர்க் கடைத்தெருவில் மழை பிடித்துக்கொண்டபோது, குடையில்லாத வினோதினி ஓடிப்போய் ஏறியது ஒரு டைல்ஸ் கடைப் படியில். ஏறியதோடு சரி... வாசலில் சாம்பிளுக்குப் பதித்திருந்த பளபள டைல்ஸ் காலை வாரிவிட்டது. அறுபது கிலோவைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்துகிறவள், பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்து... அது வழுக்கும்" என்றது ஒரு குரல், விழுந்த பிறகு.

கடைக்காரன் புகழ்வேந்தன். சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்... முறைக்க ஆரம்பித்தவளுக்கு முறைத்து முடிக்க வரவில்லை.

"எனக்கு இதே டைல்ஸ்தான் வேணும்" என்றாள் வீம்பாக. "வூட்ல எக்சர்சைஸ் ரூமுக்கு."

"தர மாட்டேன்."

"இன்னாது?"

"வேர்வ சொட்டுனா மறுபடி இப்பிடித்தான் உக்காருவீங்க. வெயிட்ட போட்டா டைல்ஸ் பொளந்துடும்." கட்டைவிரல் கனத்தில் ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டை அவள் முன்னால் போட்டான். "இதுல நின்னு பாருங்க."

நின்றாள். பாதம் கெட்டியாகப் பிடித்தது. மனசுதான் லேசாக வழுக்கியது...

"தரை காஞ்சிருக்கா? ஈரம் இருந்தா ஒட்டுனது பேந்துடும்."

அவள் முகம் மாறியது. "ஈரம் இல்ல... காலடி வருது" என்றாள் மெல்ல. "சின்னப் புள்ள காலடி."

அவன் இந்தமுறை சிரிக்கவில்லை.

பாகூர் ஏரியை ஒட்டிய வீடு அவளுடையது. வருஷக்கணக்காக உர மூட்டை அடுக்கிக் கிடந்த அறையைப் போன மாதம்தான் காலி செய்தாள். ஏரி நிரம்ப நிரம்ப, சிமெண்ட் தரையில் ஒவ்வொன்றாகத் தடங்கள் கறுத்து வந்தன. அம்மா ஜெயமணி கெடு வைத்துவிட்டாள்: வெள்ளிக்கிழமைக்குள் தடம் வருவது நிற்காவிட்டால் அறைக்குப் பூட்டு. பளுதூக்கும் போட்டிக்கு இரண்டே மாதம். திருபுவனை ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து டவுன் ஜிம்முக்குப் போய்வர பஸ் கிடையாது. இந்த அறை போனால் போட்டியும் போனது.

மறுநாள் அவன் வந்தான். அம்மா கழனிக்குப் போயிருந்தாள். கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினான். "ஈரம் கீழேர்ந்து ஏறுதான்னு தெரிஞ்சிடும். நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று நிமிர்ந்தவன், ஜன்னலைப் பார்த்து அப்படியே நின்றான்.

"இது... கண்ணையன் வூடா?"

"ஆமா, எங்கப்பா. இப்ப இல்ல. ஏன்?"

டேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாளைக்கு என்றவன் இரண்டு நாளாகியும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. பேய்க்குப் பயந்தவனுக்குக் கடை எதற்கு என்று திட்டினாள். திட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தாள்... அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை. நடுப்பகலிலேயே வானம் இருட்டியது. ஏரித் தவளைகள்கூட வாய் மூடிக்கொண்டன. பாலித்தீனுக்கு அடியில் முத்து முத்தாக நீர்... நடுவே ஏழு காலடிகள். வாசலிலிருந்து ஜன்னலுக்குப் போயிருந்தன. திரும்பி வந்ததாக ஒன்றுகூட இல்லை. இடது பாதத்தில் நாலே விரல்.

"போதும்டி, வா வெளிய!" அம்மா பூட்டோடு வந்து நின்றாள்.

பின்னால் சளக்... சளக்... என்று ஈரக்கால் சத்தம்.

புகழ்வேந்தன். தொப்பலாக நனைந்திருந்தான், காலில் செருப்பில்லை. தாளைக் கிழித்தெடுத்துவிட்டு, அந்தத் தடங்களுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் வரை நடந்தான். ஒவ்வொரு சின்னத் தடத்தோடும் ஒரு பெரிய ஈரத்தடம்... இடது பாதத்தில் நாலே விரல்.

அம்மா கையிலிருந்து பூட்டு நழுவி விழுந்தது.

வினோதினிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவன் மனுஷன்தானா? கையை நீட்டி அவன் கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. அப்பாடா... ஆனால் கையை எடுக்கத் தோன்றவில்லை.

"பொறக்கும்போதே நாலு விரல்தான்" என்றான். "இந்தத் தரைய போட்ட கொத்தனாரு சுப்பராயலு, எங்கப்பா. சிமெண்ட் காயறதுக்குள்ள, சின்னப் புள்ளயா நான் நடந்துட்டேன். மேல பூசி மறைச்சாங்க. ஏரி ரொம்புனா பூசுன எடம் மட்டும் கறுக்குது. தரைய கெடுத்துட்டோம்னு அன்னிக்கு ஊரு பாக்க எங்கப்பாவ வெரட்டுனாரு உங்கப்பா. இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு ரோஷம்... அதான் ரெண்டு நாளா வரல."

"திரும்பி வந்த தடம் ஏன் இல்ல?"

"ஜன்னலுக்கு அப்ப கம்பி வெக்கல. வெளிய மழைல இந்த வூட்டு பாப்பா நனைஞ்சிக்கினு சிரிச்சிது. அதப் பாக்கத்தான் நடந்தேன், குதிச்சேன்." குரல் தழைந்தது. "இன்னிக்கும் அதுக்குத்தான் வந்தேன், வினோதினி. ரோஷத்தவிட... நீங்கதான் எனக்குப் பெருசு."

அம்மா குனிந்து பூட்டை எடுத்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவரு பேசுனது தப்புதான், தம்பி. இரு, துண்டு எடுத்தாரேன்" என்று உள்ளே போனாள்.

"தரைய பேத்துட்டு புதுசா போட்டுடறேன்" என்றான் அவன். "ஈரம் ஏறறதும் நின்னுடும், தடமும் போயிடும்."

"பேத்தெடுக்கக் கூடாது. ஒட்டவும் கூடாது." அவள் தலை நிமிரவில்லை. "ஒண்ணோட ஒண்ணு கோத்து வெக்கிற ரப்பர் இருக்குல்ல... அது போடுங்க. மழைக்கு மழை தூக்கிக் காய வெக்கலாம்."

"ஒவ்வொரு மழைக்கும் தூக்க ஆள் வேணுமே?"

"தூக்கறது நான். நீங்க... கூட இருந்தா போதும்."

சொல்லிவிட்டு ஜன்னலடிக்குப் போனாள். ஏழாவது காலடிக்கு எதிரே, அதைப் பார்த்தபடி, தன் இரண்டு பாதங்களையும் வைத்து நின்றாள்.