அப்பாவின் சட்டைக்கு அடுத்த பெர்ரி

தீவின் மின்னி பே பகுதியில், அலமு வீட்டுக் கார் ஷெட்டில் கார் மட்டும்தான் இல்லை. அம்மா மாவு அரைத்து விற்கும் பெரிய கிரைண்டர், ஃப்ரீசர், அப்பாவின் மின்சார ஸ்கூட்டர், அதன் சார்ஜர், இஸ்திரி மேசை என்று மற்ற எல்லாம் இருந்தன.

அன்று ஃப்ரீசர் நிறைய மீன். மறுநாள் அடுத்த வீட்டு மண்டல் ஆன்ட்டியின் பேரனுக்கு முதல் சோறு ஊட்டுகிறார்கள். ஆன்ட்டி வீட்டு ஃப்ரிட்ஜில் இடமில்லை. எங்கள் ஃப்ரீசரில் வையுங்கள், ஒன்றும் ஆகாது என்று இந்தியில் அடித்துச் சொன்னவள் அலமுதான்.

சாயங்காலம் அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தார், ஸ்கூட்டர் சார்ஜில் இருந்தது. அப்பா விருந்துக்கான சட்டையைத் தேய்க்க வந்தார். இஸ்திரிப்பெட்டி சூடானதும் டக்கென்று சத்தம் கேட்டது. கிரைண்டர் நின்றது. ஃப்ரீசரின் பச்சை விளக்கும் அணைந்தது. மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சை அப்பா சுவரில் மேலே தள்ளினார். சிறிது நேரத்தில் அது மறுபடி விழுந்தது.

"எல்லாம் இந்த ஃப்ரீசரால வர்ற வினை. ஆன்ட்டிகிட்ட மீனை எடுத்துக்கச் சொல்லு. நாளைக்குப் பெரிய எம்சிபியா வாங்கி மாட்டிடறேன்" என்றார் அப்பா.

இவ்வளவு மீனை ஆன்ட்டி எங்கே கொண்டுபோய் வைப்பார்? யாரும் ஃப்ரீசரைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அலமு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகச் சுற்றி வந்தாள். எல்லாவற்றிலும் அது எத்தனை வாட் இழுக்கும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

எம்சிபியில் பத்து என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று அப்பாவைக் கேட்டாள். பத்து ஆம்பியர், அதாவது சுமார் இரண்டாயிரத்து முந்நூறு வாட் தாங்கும் என்றார் அவர்.

அலமு விரல் விட்டுக் கூட்டினாள். மூவாயிரத்து ஐந்நூறு வந்தது. அதில் ஃப்ரீசரின் பங்கு வெறும் இருநூற்றைம்பது. இஸ்திரிப்பெட்டி மட்டும் ஆயிரத்து ஐந்நூறு!

அப்பா இஸ்திரிப்பெட்டியை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்குத்தான் பெரிய எம்சிபி போடலாங்கறேன்."

"பெர்ரிப் படகுல அம்பது பேருன்னு எழுதியிருக்கும்ல? அதை அழிச்சுட்டு நூறு பேருன்னு எழுதினா பெர்ரி பெரிசாயிடுமாப்பா? எம்சிபி பெரிசானாலும் நம்ம ஒயர் அதே ஒயர்தானே, எரிஞ்சுடாதா?"

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சரி, இப்ப என்ன செய்யறது?" என்றார் அப்பா.

"பெர்ரில இடமில்லன்னா நாம என்ன செய்வோம்? அடுத்ததுக்கு நிப்போம். மீன் காத்திருக்காது, சட்டை காத்திருக்கும். மாவு அரைச்சு முடியட்டும், ஸ்கூட்டரும் சார்ஜ் ஆகட்டும். காலைல தேய்ச்சுக்கோங்க."

அப்பா இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எம்சிபியைத் தள்ளினார். கிரைண்டர் சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. இந்த முறை எம்சிபி விழவில்லை.

காலையில் ஆன்ட்டி வந்து மீனை எடுத்துப் போனார். எல்லாம் கல்லு மாதிரி உறைந்திருந்தது. அப்பா சட்டையை விரித்து, இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மின்னி பே முழுக்கக் கரண்ட் போனது.

கசங்கிய சட்டையோடு விருந்துக்கு வந்த அப்பாவை யாரும் கவனிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் மீன் குழம்பின் மேல்தான் இருந்தது.